கஸ்பார் கல்

சொக்கலிங்கத்தைப் பற்றி எழுதப் போகிறேன் என்று சொன்னதும் என் மனைவி நீலாவதி சிரித்தாள். "இத்தனை வருஷமா அந்த மனுஷனைத் திட்டிக்கிட்டேதானே இருந்தீங்க. இப்ப எழுதுறதுக்கு என்ன வந்துச்சு?" என்றாள்.

நியாயமான கேள்விதான். போர்ட் பிளேர் ஷாதிபூரில் எங்கள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் அவருடைய கல் பட்டறை. காபியை ஆற்றி வைத்தால் ஆடை படிவதற்கு முன்னால் கல் தூசு படிந்துவிடும். மதியம் கண்ணயரும் நேரம் பார்த்துத்தான் கட்டிங் மெஷினை முடுக்குவார். மின்சாரத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அவருடைய இணைப்பைப் பிடுங்கிவிட்டால் என்ன என்று பலமுறை யோசித்திருக்கிறேன். செய்யவில்லை, அவ்வளவுதான்.

சொக்கலிங்கத்துக்குக் குமரி மாவட்டத்து மயிலாடி. அங்கே சிற்பக்கூடங்களில் ஒரு சிலையை ஒரே ஆள் முழுதாகச் செய்வதில்லை. பீடத்துக்கு ஒருவர், நகைநட்டுக்கு ஒருவர், முகத்துக்கு மூத்தவர் ஒருவர் என்று பிரித்துக்கொள்வார்களாம். சொக்கலிங்கத்துக்கு வாய்த்தது கால். சிறு வயதிலிருந்து கால், பாதம், விரல், நகம் மட்டும்தான். அதில் அவருக்குக் கர்வமும் உண்டு. "எங்க பக்கத்துல பாதிச் சாமி நம்ம கால்லதான்வே நிக்கி" என்பார். ஆனால் ஒரு முகம் செய்யக் கொடுக்கவில்லையே என்ற ஆத்திரத்தில்தான் ஊரை விட்டு வந்தார் என்று நினைக்கிறேன். ஏதோ ஓட்டலுக்குக் கிரானைட் பதிக்க ஒரு காண்டிராக்டர் கூட்டி வந்தார். வந்தவர் திரும்பவில்லை. அவர் மனைவி சந்திரமதி ஒருமுறை கப்பலில் வந்து, வழியெல்லாம் வாந்தி எடுத்து, இனி இந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்று விமானத்தில் திரும்பிப் போனார்.

இங்கே அவருக்குக் கிடைத்த வேலை இரண்டு வகை. இந்துக்கள் வீட்டுக்குச் சமையல் மேடை, கத்தோலிக்கர் கல்லறைக்குச் சிலுவை. ஒன்றுக்கும் முகம் கிடையாது.

இப்படி இருக்கும்போதுதான் போன வருடம் கிறிஸ்துமஸ் முடிந்து சில நாள் கழித்து, சூசைமேரி பட்டறைக்கு வந்தாள். எங்கள் தெருக்கோடியில் குடியிருப்பவள். தூத்துக்குடிக் கடற்கரைக் குடும்பம். அவள் கணவன் கஸ்பார் அந்த வருடத்து மழைக்காலத்தில் ஜங்லிகாட் துறையிலிருந்து டிங்கிப் படகில் மீன் பிடிக்கப் போனவன், திரும்பவில்லை. ஆளும் கிடைக்கவில்லை, டிங்கியும் கிடைக்கவில்லை. தேட வேண்டியவர்கள் தேடினார்கள். என்ஜின் பழுதாகி நீரோட்டத்தில் மியான்மர் பக்கம் ஒதுங்கி, அங்கே சிறையில் இருந்துவிட்டு வருடக்கணக்கில் கழித்து வந்தவர்கள் உண்டு. வராதவர்களும் உண்டு. கஸ்பார் எந்தக் கணக்கில் சேர்த்தி என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஊரின் பெயரையே மாற்றிவிட்டார்கள், எங்கள் வாயில் இன்னும் போர்ட் பிளேர்தான். அதுபோல சூசைமேரியை விதவை என்று சொல்லவும் யாருக்கும் வாய் வரவில்லை.

அவள் கேட்டதை நான் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். ஒட்டுக் கேட்கவில்லை. சொக்கலிங்கம் பேசினால் தெருவுக்கே கேட்கும், எதிரே இருப்பவரும் கத்தித்தான் ஆக வேண்டும்.

"அண்ணாச்சி, கல்லறைத் திருநாளுக்கு எல்லாரும் மெழுகுதிரி ஏத்தப் போனாவ. எனக்கு எங்க ஏத்தன்னு தெரியல. வீட்டுலயே கெடந்தேன்."

"அதுக்கென்னம்மா. சிலுவை ஒண்ணு வெட்டித் தாரேன். பேரும் தேதியும் மட்டும் சொல்லு."

"என்ன தேதி போடுவிய?"

சொக்கலிங்கம் ஏதோ கல்லைப் புரட்டும் சத்தம்தான் கேட்டது.

"சிலுவை வச்சா, செத்துட்டாவன்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிரும்" என்றாள் சூசைமேரி. "ஆளு மாதிரியே ஒரு சிலை செஞ்சு தாங்க. இருக்காவன்னும் வச்சிக்கிடலாம். இல்லன்னும் வச்சிக்கிடலாம்."

அதற்குச் சொக்கலிங்கம் சொன்ன பதில் தலையில் அடித்துக்கொள்ள வைத்தது. "அவ்வளவுதானே? அடையாளம் ஒரு இம்மி மாறாம செஞ்சு தாரேன். கஸ்பார எழுப்பி நிறுத்திருவேன்" என்றார். ஆயுளில் ஒரு மூக்கு செதுக்காத மனிதர் முழு ஆளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார்.

களிமண்ணில் மாதிரி செய்து பார்ப்பது, காகிதத்தில் வரைவது எல்லாம் அவர் வழக்கத்தில் இல்லை. நேராகக் கல்தான். சதுரமாக நிற்கும் கல்லில் முன்பக்கம் ஆளின் நேர்உருவத்தைக் காவியில் கோடு இழுப்பார். பக்கவாட்டில் பக்க உருவத்தை இழுப்பார். இரண்டு பக்கமிருந்தும் வெட்டிக்கொண்டே உள்ளே போனால் நடுவில் ஆள் இருப்பான் என்பது கணக்கு. எல்லா இடத்திலும் கொஞ்சம் கூடுதலாக விட்டு வைப்பார், மூக்கில் ரொம்பவே. வெட்டியதை ஒட்ட முடியாதே.

கஸ்பாரின் நேர்முகம் அவனுடைய மீனவர் அட்டையில் இருந்தது. பக்கமுகம் எங்குமே இல்லை. செல்போனில் எடுத்த படங்கள் செல்போனோடு கடலுக்குப் போய்விட்டன. கல்யாண ஆல்பத்தில் எல்லாரும் கேமராவைத்தான் முறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். சொக்கலிங்கம் ஆளாளுக்குக் கேட்டார். கஸ்பாரோடு கடலுக்குப் போகும் லாரன்ஸ், "கிளிமூக்கு" என்றான். தெருமுனையில் மிட்டாய்க் கடை வைத்திருக்கும் வங்காளி மண்டல், விரலால் தன் மூக்கை அமுக்கிக் காட்டி, "சப்டா" என்றார். சப்பையாம். மாதா கோவிலில் ஊழியம் பார்க்கும் கோவில்பிள்ளை, நுனி தூக்கியிருக்கும் என்றார். நீலாவதி, அவனுக்கு மூக்கு இருந்ததைக் கவனித்ததே இல்லை என்று உண்மையைச் சொன்னாள்.

"ஒரு மனுசனுக்கு இத்தன மூக்காவே?" என்று சொக்கலிங்கம் என்னிடம் வந்து முறையிட்டார். "பெண்டாட்டிட்ட கேளும்" என்றேன்.

கேட்டார். சூசைமேரி விரலைத் தூக்கிக் காற்றில் ஏதோ வரையப் பார்த்தாள். நிறுத்தினாள். மறுபடி வரைந்தாள். அட்டையில் இருக்கிற படத்தையே பார்த்துப் பார்த்து, நிஜ முகம் கைநழுவிப் போய்விட்டது அவளுக்கு. "இத்தன வருசம் பக்கத்துலதான படுத்திருந்தேன்" என்று அவள் அழுததைக் கேட்டுவிட்டு நான் ஜன்னலைச் சாத்தினேன். கேட்கச் சகிக்கவில்லை.

இதற்கிடையில் கல்லுக்குச் சொல்லியாகிவிட்டது. நம் தீவில் அந்தக் கல் கிடையாது. மயிலாடியில் சொக்கலிங்கத்தின் மச்சான் ஒருவர் கல்லைப் பார்த்து எடுத்து, பெட்டியில் அடைத்து, லாரியில் சென்னைக்கு அனுப்பி, அங்கிருந்து கப்பல் ஏற்றிவிட வேண்டும். சொக்கலிங்கத்தின் போன் காதில் கல் தூசு அடைத்திருப்பதால் அவர் பேசுவது போகும், மற்றவர் பேசுவது வராது. அதனால் சேர்ந்ததும் தகவல் சொல்வதற்குச் சூசைமேரியின் எண்ணைக் கொடுத்திருந்தார். பெட்டி மேல் என்ன பெயர் போட வேண்டும் என்று மச்சானுக்குச் சொல்லும்போது, வேறு கற்களோடு கலந்துவிடக் கூடாதே என்று, "கஸ்பார் கல்லுன்னு போடு" என்று கத்தியது மட்டும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

ஏப்ரலில் ஒரு சாயங்காலம் சூசைமேரி செருப்புகூடப் போடாமல் எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது. கப்பல் அடையும் ஜெட்டியிலிருந்து யாரோ போன் செய்தார்களாம், இந்தியில். அந்தக் குரல் சொன்னதை அவள் அப்படியே ஒப்பித்தாள்.

"கஸ்பார் கல் ஆ ரஹா ஹை. ஜஹாஸ் ஸே. சுபஹ் ஆகே லே ஜானா."

இந்தத் தீவில் பிறந்த குழந்தைக்கும் இதற்கு அர்த்தம் தெரியும். கஸ்பார் நாளைக்கு வருகிறார், கப்பலில், காலையில் வந்து கூட்டிப் போ. அவளுக்கும் தெரியும். இன்னொருவர் வாயிலிருந்து கேட்க வேண்டும் என்றுதான் ஓடி வந்திருக்கிறாள். நீலாவதி அவளைக் கட்டிக்கொண்டு சொன்னாள். நானும் சொன்னேன்.

"யாரு, கஸ்பாரான்னு திருப்பிக் கேட்டேன் சார். ஆமா, பேரு எழுதியிருக்குங்காரு. டீக் ஹை நா, நல்லாதான இருக்காவன்னு கேட்டேன். பில்குல் டீக் ஹை, ஒரு கொறையும் இல்லங்காரு. அப்புறம்..."

"அப்புறம்?"

"சார் ஆத்மி லேகே ஆனா அப்படின்னாரு. அதோட கட்டாயிட்டு."

இந்தியில் சார் என்றால் நாலு; நாலு ஆள் கூட்டிக்கொண்டு வா. திருப்பி அழைத்தால் யாரும் எடுக்கவில்லை, ஆபீஸ் பூட்டியிருக்கும். நல்லா இருக்கிறவனை அழைத்து வர நாலு பேர் எதற்கு? நீலாவதிதான் சமாளித்தாள். "சிறையில கெடந்து வந்திருப்பார். நடக்க முடியாம இருக்கும்" என்றாள். நடக்க முடியாதவன் எப்படி பில்குல் டீக் ஆவான் என்று நான் கேட்கவில்லை. அந்த அளவுக்கு எனக்கும் அறிவு உண்டு.

தகவல் தெருவெல்லாம் பரவிவிட்டது. சொக்கலிங்கத்துக்கு ஒரே குதூகலம். "ஆளே வந்தாச்சுன்னா மூக்கு கவலை தீந்துல்லா" என்றார். வந்தவனுக்கு எதற்கய்யா சிலை என்று கேட்டேன். ஒரு நிமிடம் விழித்துவிட்டு, "வாக்கு குடுத்தாச்சுவே" என்றார். குழப்பத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

காலையில் எல்லாரும் ஹாடோ ஜெட்டிக்குப் போனோம். சூசைமேரி, அவள் மகள் பிரவீனா, நாலு ஆள் கணக்குக்கு லாரன்ஸும் அவன் கூட்டாளிகளும், நான், நீலாவதி. சொக்கலிங்கம் சட்டைப்பையில் அளவுகோலோடு வந்திருந்தார். சூசைமேரி மடியில் ஒரு பை. தேய்த்த சட்டை, லுங்கி, பிளாஸ்க்கில் கஞ்சி. எல்லாவற்றுக்கும் அடியில் மடிப்புக் கலையாத புது வெள்ளைத் துணி ஒன்று இருந்ததை நீலாவதி பார்த்துவிட்டு என் கையைக் கிள்ளினாள். சட்டையும் எடுத்து வந்திருக்கிறாள், கோடித் துணியும் எடுத்து வந்திருக்கிறாள். எது வேண்டியிருக்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டையும் ஒரே பையில் வைத்துக் கட்ட அந்தக் கைகள் என்ன பாடு பட்டிருக்கும்.

கப்பலிலிருந்து சனம் இறங்கியது. மூட்டைகள், டிரங்குப் பெட்டிகள், தூக்கத்தில் அழும் பிள்ளைகள், பரீட்சை எழுதித் திரும்பும் பையன்கள். ஒல்லியாகத் தாடியோடு யார் வந்தாலும் பிரவீனா அம்மாவின் கையை இழுத்தாள். இறங்குவது மெல்லக் குறைந்து நின்றுபோனது. படியில் ஆளில்லை.

அப்போது கையில் தாளோடு ஒருவர் வந்து, "கஸ்பார்? கௌன் ஹை கஸ்பார் கா?" என்று கூப்பிட்டார். சூசைமேரி கையைத் தூக்கினாள், பள்ளிக்கூடத்தில் தூக்குவது போல. "ஆயியே" என்று சரக்கு இறக்கும் பக்கம் அழைத்துப் போனார். அங்கே ஒரு மரப்பெட்டி இருந்தது. ஆள் நீளத்துக்குக் குறைவு, அகலம் ஒடுக்கம். பார்த்த மாத்திரத்தில் நீலாவதி பிரவீனாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். லாரன்ஸ் சிலுவை போட்டுக்கொண்டான்.

பெட்டியின் மேல் கறுப்புப் பெயின்ட்டில் ஆங்கில எழுத்தில் இரண்டு சொல் எழுதியிருந்தது. சொக்கலிங்கம் குனிந்து எழுத்துக் கூட்டி, தமிழில் வாசித்தார்.

"கஸ்பார்... கல்."

வாசித்து முடித்தவர் அப்படியே குந்திவிட்டார். எனக்கும் அந்தக் கணத்தில்தான் உறைத்தது. போனில் பேசியவர் பெட்டியில் இருந்ததைத்தான் படித்திருக்கிறார். அவருக்கு அது ஒரு பெயர். எங்களுக்குக் கல் என்றால் கல். அதுவே இந்தியில் காதில் விழுந்ததும் நாளை ஆகிவிட்டது. நேற்றுக்கும் நாளைக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இத்தனை கோடிப் பேர் எப்படிக் குடித்தனம் நடத்துகிறார்கள் என்று அங்கே நின்று யாரையோ திட்டினேன். வேறென்ன செய்ய.

சூசைமேரி அழவில்லை. பெட்டி மேல் கையை வைத்தாள். பிறகு லாரன்ஸைப் பார்த்து, "நாலு பேரு வேணும்னுதான சொன்னாவ. தூக்குங்க" என்றாள். பிளாஸ்க்கைத் திறந்து கஞ்சியை மூடியில் ஊற்றிச் சரக்கு இறக்கியவர்களுக்குக் கொடுத்தாள்.

கல் பட்டறைக்கு வந்தது. சொக்கலிங்கம் பெட்டியைப் பிரிக்கவே இல்லை. மெஷின் சத்தம் நின்றது. நான் ஆசைப்பட்ட மதியத் தூக்கம் கிடைத்தது, தூங்கத்தான் முடியவில்லை. ஒருநாள் சுவர் வழியாக எட்டி, என்னவே விஷயம் என்று கேட்டேன். "நான் வாயத் தொறந்து சொன்ன பேருதானவே அது. ஒரு பொம்பளைய ஜெட்டி வர நடக்க வச்சிட்டேன்" என்றார். குரல் தாழ்ந்திருந்தது. அவர் தாழ்ந்து பேசி நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

மே மாதம் சூசைமேரி தானாகவே வந்தாள். இந்தமுறை நான் சுவருக்கு அந்தப் பக்கமே போய் நின்றேன்.

"அண்ணாச்சி, காவிய எடுங்க" என்றாள்.

"என்னம்மா?"

"அன்னைக்கு ராத்திரி, நாளைக்கு வாராவன்னு நெனச்சுக்கிட்டு, படியில எப்படி எறங்குவாவன்னு பாத்துக்கிட்டே கெடந்தேன். நேரா வரல. படி எறங்கும்போது எப்பவும் ஒருச்சாய்ச்சுத்தான் எறங்குவாவ, வலது தோள முன்ன விட்டு. அப்பத்தான் எனக்கு மூக்கு தெரிஞ்சிச்சு. நடுவுல ஒரு சின்ன மேடு. சின்ன வயசுல துடுப்பு அடிச்சதுன்னு சொல்லுவாவ. அத எப்படி மறந்தேன்னு தெரியல. கஸ்பார் வரல. ஆனா மூஞ்சி வந்துட்டு."

சொக்கலிங்கம் பெட்டிப் பலகையைப் பெயர்த்தார். கல்லின் பக்கவாட்டில் அவளே விரலால் இழுத்தாள். இந்தமுறை நிறுத்தவில்லை. அவள் விரல் போன வழியில் சொக்கலிங்கம் காவிக் கோட்டை இழுத்துக்கொண்டே போனார். நெற்றி, மேடு, நுனி, உதடு, தாடை. கோட்டைப் பார்த்ததும் எனக்கே தூக்கிவாரிப் போட்டது. கிளிமூக்குமில்லை, சப்பையுமில்லை. பால் வாங்கப் போகும்போது நூறு முறை எதிரே வந்த கஸ்பார்.

அதன்பின் மழைக்காலம் முழுக்கச் செதுக்கினார். சத்தத்தை நான் பொறுத்துக்கொண்டேன், அதைப் பற்றிப் பெருமையடிக்க ஒன்றுமில்லை. ஒருச்சாய்த்து இறங்கும் ஆள் மெதுவாக வெளியே வந்தான். முகம் செய்யத் தெரியாத மனிதர் செய்த முகம்தான். ஒரு கண் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, காது தடிமன். ஆனால் தெருவில் போகும் மாடுகூட நின்று பார்க்கும் அளவுக்குக் கஸ்பார்தான். சொக்கலிங்கம் காலைக் கடைசிக்கு வைத்திருந்தார். சாப்பாட்டில் பிடித்ததை ஓரத்தில் ஒதுக்கி வைப்பதுபோல.

காலுக்குக் கோடு இழுத்த அன்று சூசைமேரி தடுத்தாள். "கால விட்டுருங்க அண்ணாச்சி. அது கல்லுக்குள்ளயே இருக்கட்டும்."

"என்னம்மா சொல்லுத? எனக்குத் தெரிஞ்சதே கால் மட்டுந்தான்."

"ஒருமட்டம் கெளம்பிப் போனது போதும்."

சொக்கலிங்கம் என்னைப் பார்த்தார். உளியைக் கீழே வைத்தார். பாதி ஊர்ச் சாமிகளை நிறுத்தியவர் செய்த ஒரே முழு ஆளுக்குக் காலில்லை. முழங்காலுக்குக் கீழே வெறும் கல்.

இந்த வருடம் கல்லறைத் திருநாள் வந்தது. எங்கள் தெருக் கத்தோலிக்கர்கள் எல்லாம் பூவும் திரியுமாகப் போனார்கள். சூசைமேரி மெழுகுதிரிப் பாக்கெட்டோடு பட்டறைக்கு வந்தாள். சிலையின் முகத்துத் தூசியை முந்தானையால் துடைத்தாள். ஒரு திரியை எடுத்துக் கொளுத்தினாள். சிலைக்கு முன்னால்தான் வைப்பாள் என்று நானும் சொக்கலிங்கமும் சற்று விலகி நின்றோம். அவள் அதைக் கையால் மறைத்துக்கொண்டு போய், தெருவைப் பார்த்த வாசல் தூணின் மேல் வைத்தாள்.

"அங்க எதுக்கும்மா?" என்றார் சொக்கலிங்கம்.

"இருட்டிட்டுல்லா அண்ணாச்சி" என்றாள்.

கடையைப் பூட்டிவிட்டுப் போய்க்கொண்டிருந்த மண்டல், வெளிச்சத்தைப் பார்த்து நின்றார். உள்ளே எட்டிப் பார்த்தார்.

"அரே வாஹ், கஸ்பார் தோ பன் கயா. கர் கப் ஆயேகா?"

கஸ்பார் தயாராகிவிட்டானே, வீட்டுக்கு எப்போது வருவான் என்று கேட்டார். சிலையைத்தான் கேட்டார்.

சூசைமேரி திரி அணையாமல் கையைக் குவித்துப் பிடித்துக்கொண்டு, அவரைப் பார்த்துச் சொன்னாள்.

"கல்."

மண்டல் தலையை ஆட்டிவிட்டுப் போனார். அவள் எந்த மொழியில் சொன்னாள் என்று சொக்கலிங்கம் என்னைக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. சிலை இன்னும் பட்டறையில்தான் நிற்கிறது.